மீகஸ்தெனியாப் பாலமும் என் தமிழும்

பங்குனி மாதத்து ஒரு புதன்கிழமை. காலை ஏழு மணி ரயிலில் கண்டியிலிருந்து கம்பளைக்குப் புறப்பட்டேன். மூன்றாம் வகுப்புக் கட்டணம் முப்பது சதம். கையில் ஒரு தோல்பெட்டி, ஒரு குடை, கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கொடுத்த கடிதம். மீகஸ்தெனியா என்ற ஊரில் மறுநாள் கூடும் கிராமச் சபையில், தமிழில் சொல்லப்படுவதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும் என்று அந்தக் கடிதம் சொன்னது. கச்சேரியில் நான் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வேலையை இன்னும் நிரந்தரமாக்கவில்லை.

இன்று அந்த மலைகளில் எங்கு பார்த்தாலும் தேயிலை. நான் போனது கோப்பிக் காலத்தில். அப்போதே இலைகளின் அடியில் மஞ்சள் தூள் படியத் தொடங்கியிருந்தது. அது இன்னொரு நோய், வந்த வழியே போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பேராதனை தாண்டியதும் மகாவலி கூடவே வரத் தொடங்கியது. நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் பக்கம் ஆறு கிடையாது. கிணறு உண்டு, குளம் உண்டு, கடல் உண்டு. யாரும் இறைக்காமல் இரவும் பகலும் தானாகப் போய்க்கொண்டிருக்கும் தண்ணீரைக் கண்டால் அந்த நாளில் என்னால் கண்ணை எடுக்க முடியாது. கெலிஓயாப் பக்கத்து வயல்களில் அறுவடை முடிந்து எருமைகள் நின்றன. எட்டரை மணிக்குக் கம்பளையில் இறங்கினேன்.

கம்பளை ஒருகாலத்தில் அரசர்கள் இருந்து ஆண்ட ஊர். நான் கண்டது கோப்பி மூட்டைகளின் ஊர். ரயிலடியிலிருந்து கடைத்தெரு வரைக்கும் மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. மலையிலிருந்து கோப்பி இறங்கும். திரும்பிப் போகும் வண்டியில் அரிசி ஏறும். அப்படி அரிசி ஏற்றிக்கொண்டிருந்த காசிம் நானாவின் வண்டியில் எனக்கு இடம் கிடைத்தது. நாற்பது வயதிருக்கும், கெலிஓயாக்காரர், முஸ்லிம்; நானா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன். ஒன்றேகால் ரூபாய் கேட்டார். நான் பேரம் பேசவில்லை.

"ஐயா எந்தப் பக்கம்? யாழ்ப்பாணமா?" என்றார்.

"ஓம். எப்பிடித் தெரிஞ்சது?"

"வாயத் தொறந்தாத் தெரிஞ்சிருமே. நான் நாலு மாதிரித் தமிழும் கேக்கிறவன். வண்டிக்காரனுக்கு அதுதானே பொழைப்பு."

கம்பளையிலிருந்து புசல்லாவைக்குப் பதினொரு மைல். அந்தச் சாலையில் ஏழாவது மைலில் இடப்பக்கம் பிரிந்து ஒன்றரை மைல் போனால் மீகஸ்தெனியா. ஏற்றத்தில் மாடுகள் மூச்சு வாங்கின. நாங்கள் இருவரும் பாதி வழி நடந்தே ஏறினோம். பதினோரு மணிவாக்கில் ஒரு வளைவைத் திரும்பியதும் முழு மலைச்சரிவும் வெள்ளையாக நின்றது. கோப்பி பூத்திருந்தது. மல்லிகையை ஒத்த மணம், ஆனால் அதைவிடச் சற்றுக் கனமானது. காசிம் நானா வண்டியை நிறுத்தி, தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு நாளைக்கு இப்பிடி இருக்கும். மூணாம் நாள் கருகிப் போயிரும். ஐயாவுக்கு அதிர்ஷ்டம்" என்றார். அந்த மணத்தை இனி எந்தக் கூலி கொடுத்தாலும் வாங்க முடியாது. அந்தச் செடியே அந்த மலையில் இல்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு மீகஸ்தெனியா போய்ச் சேர்ந்தோம். ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நடுவே ஓர் ஓயா, அதாவது காட்டாற்றைப் போன்ற ஓடை. அதன் மேற்குக் கரையில் படிப்படியாக வயல்கள், அவற்றுக்கு மேலே சிங்களக் குடியானவர்களின் வீடுகள், பலா, கித்துள் பனை, கமுகு. கீழே பாதையோரம் பதினெட்டுக் கடைகள். கிழக்குக் கரையிலிருந்து மலையுச்சி வரைக்கும் கோப்பித் தோட்டம். கரையிலிருந்து கால் மைல் ஏறினால் கூலியாட்கள் குடியிருந்த லயங்கள்.

அரசர் காலத்தில் பத்து வீடும் ஒரு அம்பலமும் மட்டுமே இருந்ததாம். அம்பலம் என்றால் வழிப்போக்கர் தங்கும் மண்டபம். பொதிமாடுகள் ஓட்டிவந்த முஸ்லிம் வியாபாரிகள் அங்கே இளைப்பாறினார்கள். பிறகு எதிர்க்கரைக் காடு வெட்டப்பட்டுக் கோப்பி வந்தது. கோப்பிக்குப் பின்னால் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆட்களுக்குப் பின்னால் அரிசிக் கடை, துணிக் கடை, நாட்டு மருந்துக் கடை எல்லாம் வந்தன. இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் காசிம் நானாவின் மைத்துனர். அவருடைய கடையின் பின்னறையில்தான் அன்று தங்கினேன்.

ஊரை நிர்வகித்தது கிராமச் சபை. வயல் வைத்திருப்பவர்கள் கை உயர்த்தித் தேர்ந்தெடுத்த ஐந்து உறுப்பினர்கள், அவர்களுக்கு மேல் ஒரு தலைவர். வாய்க்கால் தண்ணீரை எவர் முதலில் திருப்புவது, வேலி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், பயிரில் விழுந்த மாட்டுக்கு என்ன தண்டம், இவைதான் அவர்களுடைய விசாரணைகள். சபையின் எல்லை ஓயாவின் நடுவோடு முடிந்தது. அதற்கு அப்பால் தோட்டம். அங்கே தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை சொல்வதுதான் சட்டம். லயத்தில் முந்நூறு பேர் இருந்தாலும் சபைக்கு அவர்கள் ஊரார் அல்லர்.

அந்த முந்நூறு பேரில் சிலர்தான் மனுக் கொடுத்திருந்தார்கள். ஓயாவைக் கடக்க ஒரு நடைபாலம் வேண்டும் என்பது மனு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சபை அம்பலத்தில் கூடியது. தலைவர் உட்கார ஒரு கதிரை, உறுப்பினர்களுக்கு ஒரு நீள மரவாங்கு. ஊர் ஆராச்சி, அரசாங்கத்தின் சார்பில் ஊரைப் பார்த்துக்கொள்ளும் தலைமைக்காரர், தூணருகே நின்றார். ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, கையில் கறுப்புக் குடை. எனக்கு அவருடன் அதற்கு முன் ஒரு வார்த்தை பழக்கமில்லை. நான் தலைவரின் வலப்பக்கம் நின்று என் சிங்களத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பிழை வந்தால் அதில்தான் வரும் என்று பயந்தேன்.

மனுதாரர்களின் சார்பில் வந்தவள் அங்கம்மா. முப்பது வயதுக்குள் இருக்கும். கண்டாங்கிச் சேலை, தலையில் முக்காடு. கூலியாட்களுக்குத் தலைவனான கங்காணி ஏன் வரவில்லை என்று தலைவர் கேட்டார்.

"அவரு வந்தா தொரைக்குப் பிடிக்காதுங்க. நான் வந்ததுக்கு இன்னைக்கு எனக்குப் பேர் விழாது, அவ்வளவுதான்" என்றாள். பேர் என்பது அன்றைய வேலைக்கு ஏட்டில் விழும் பதிவு. அதை நான் சரியாகவே சொன்னேன்.

"பாலம் எதற்கு?" என்றார் தலைவர்.

"போன மழையில எந் தங்கச்சி கடைக்கு அரிசி வாங்க வந்தாளுங்க. வரும்போது முழங்காத் தண்ணி. திரும்பும்போது இடுப்புக்கு மேல வந்திருச்சு. ரெண்டு நாள் கழிச்சுக் கீழ மூங்கில் புதர்ல கெடந்தா." அவள் குரல் மாறவில்லை. "இன்னும் ரெண்டு மாசத்துல மழை வந்துரும். புள்ளைக்காரிங்க பத்துப் பேரு இருக்கோம்."

நான் சிங்களத்தில் சொன்னதும் உறுப்பினர்கள் தலைகுனிந்தார்கள். இதைப்பற்றி ஆராச்சிக்குத் தெரியுமா என்று தலைவர் கேட்டார். அங்கம்மாவின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

"தெரியுமுங்க. ஆராச்சி ஐயா தமிழ்ல சொல்லக் கடைக்காரர் ஒருத்தரக் கூட்டிக்கிட்டு லயத்துக்கே வந்தாரு. எல்லாரையும் கூப்பிட்டு நல்லாப் பேசினாரு."

எங்கள் ஊரில் 'கதைத்தார்' என்றால்தான் உரையாடினார். 'பேசினார்' என்றால் திட்டினார். 'நல்லாப் பேசினார்' என்றால் கிழித்துவிட்டார் என்று பொருள். நான் ஒரு கணமும் யோசிக்காமல், ஆராச்சி லயத்துக்கு வந்து எல்லோரையும் கூப்பிட்டு மிகக் கடுமையாகத் திட்டினார் என்று நல்ல சிங்களத்தில் சொன்னேன்.

ஓர் உறுப்பினர் சிரித்தார். ஆராச்சி சிரிக்கவில்லை. "பாலத்துக்கு என் வீட்டுத் தோட்டத்து மரம் இரண்டைத் தருகிறேன் என்று சொல்லத்தான் அங்கே போனேன். அதற்குப் பெயர் திட்டுவது என்றால் மரம் என் தோட்டத்திலேயே நிற்கட்டும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வயல் வரப்பில் இறங்கிப் போனார். மரம் இல்லாமல் விசாரிக்க ஒன்றுமில்லை என்ற தலைவர், மனுவை ஆடி மாதச் சபைக்குத் தள்ளி வைத்தார். ஆடி என்றால் மழை நடுவில்.

"ஆராச்சி ஐயா ஏங்க போறாரு?" என்று அங்கம்மா கேட்டாள்.

"நீர் சொன்னதைக் கேட்டுத்தான்" என்றேன். அந்த மனிதரைச் சபையில் வைத்து அவமானப்படுத்திவிட்டாளே என்று எனக்கு அவள்மீது கொஞ்சம் எரிச்சல்கூட இருந்தது. அவள் ஒன்றும் விளங்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேடிக்கை பார்க்க நின்ற காசிம் நானா பின்னாலிருந்து வந்து என் முழங்கையைத் தொட்டார். அம்பலத்துக்கு வெளியே கூட்டிப்போய், "ஐயா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் புள்ள சொன்னது அதில்ல. தோட்டத்து ஆக்கள் 'பேசினாரு'ண்டு சொன்னா, கதைச்சாரு எண்டு அர்த்தம். ஆராச்சி நல்லவர் எண்டுதான் அது சொல்லிச்சு" என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்த நினைவு அங்கம்மாவைப் பற்றியதோ அவள் தங்கையைப் பற்றியதோ அன்று. கச்சேரிக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான் முதலில் வந்தது. தாய்மொழியில் பிழைவிட்ட மொழிபெயர்ப்பாளனை எவர் வைத்துக்கொள்வார்? பன்னிரண்டு மணிக்குக் காசிம் நானா திரும்புகிறார். ஏறி உட்கார்ந்தால் முடிந்தது. சிங்களமும் இரண்டு தமிழும் தெரிந்தவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான். வண்டிக்காரர் சொல்லை வைத்து என்னை யாரும் விசாரிக்கப் போவதில்லை.

அங்கம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். "வெயிலாறப் போய்க்கிறேங்க" என்று யாரிடமோ சொன்னாள். தோற்றவள் மாதிரியே இல்லை. இப்படித்தான் ஆகும் என்று முன்னமே தெரிந்து வந்தவள் மாதிரி இருந்தாள். அதைப் பார்த்தபின் என்னால் வண்டிப் பக்கம் போக முடியவில்லை.

சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பு வழியே ஆராச்சியின் வீட்டுக்கு நடந்தேன். முற்றத்தில் நின்று நடந்ததைச் சொன்னேன். நான் படித்த தமிழ் வேறு, அந்தப் பெண் பேசும் தமிழ் வேறு, அவள் சொன்னது உங்கள் புகழ்ச்சி, குற்றம் என்னுடையது என்றேன். அவர் தூணில் சாத்தியிருந்த குடையைக் கையில் எடுத்தார். பிறகு, "என்னிடம் சொல்லி என்ன பயன்? கேட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். அங்கே வந்து சொல்லும்" என்றார்.

இருவரும் திரும்பிப் போனோம். தலைவர் ஒரு வாய்க்கால் வழக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது முடியும்வரை நின்று, எல்லோர் முன்னிலையிலும் என் பிழையைச் சொன்னேன். முன்பு சிரித்த உறுப்பினர் மறுபடி சிரித்தார். இந்த முறை அது என்னைப் பார்த்து. தலைவர் சிரிக்காமல் எழுத்தரை அழைத்து, நான் சொன்னதை அப்படியே பதியச் சொன்னார்.

அங்கம்மாவை மீண்டும் கூப்பிட்டார்கள். இந்த முறை ஒவ்வொரு வாக்கியத்தையும் அவளிடம் ஒருதரம் கேட்டு உறுதிப்படுத்திவிட்டே சிங்களத்தில் சொன்னேன். அவள் பொறுமையாக எனக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னாள்.

முடிவு இதுதான்: சபையின் எல்லை நடு ஓயாவில் உள்ள பாறை வரை. அதுவரைக்கும் ஊரார் ஆறு நாள் வேலை செய்து ஒரு மரத்தைப் போடுவார்கள். அப்பால் உள்ளதைச் செய்யச் சபைக்கு அதிகாரமில்லை. "பாதிப் பாலத்தில் ஏறி எங்கே போவது?" என்று ஆராச்சி கேட்டார். இரண்டாவது மரம் தன் சொந்தக் கொடை, அதற்குச் சபையின் அனுமதி தேவையில்லை, ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்கள் வந்து தூக்கிக்கொண்டு போகட்டும் என்றார்.

அதை நான் சொன்னபோது அங்கம்மா ஆராச்சியைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்க தமிழ் ஒங்களுக்குக் கஷ்டமுங்களா?" என்று கேட்டாள். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டாள்.

"எனக்குத்தான் தெரியேல்லை. பிழை உம்மடை இல்லை" என்றேன்.

காசிம் நானா எனக்காகப் பன்னிரண்டு மணிப் பயணத்தை இரண்டு மணிக்குத் தள்ளி வைத்திருந்தார். இறக்கத்தில் வண்டி வேகமாகப் போயிற்று. கோப்பிப் பூ அதே வெள்ளையாகத்தான் நின்றது. கம்பளையில் இறங்கியபோது கூலியை வாங்கிக்கொண்டு, "ஐயா வேல போகாது. போனாலும் நம்ம வண்டியில ஒரு எடமிருக்கு" என்றார்.

வேலை போகவில்லை. ஆனால் ஒரு வருடம் என்னை எங்கும் மொழிபெயர்க்க அனுப்பவில்லை. கச்சேரியில் கடிதங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் ஞாயிறுதோறும் கண்டிக் கோயிலடிக்குப் போய், தோட்டத்து ஆட்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். அதுதான் நான் பெரியவனானபின் படித்த படிப்பு.

அதே வருடம் ஆனி மாதம் காசிம் நானா கச்சேரி வாசலுக்கு வந்து, இரண்டு மரமும் போட்டாயிற்று, கைப்பிடிக்கு மூங்கில் கட்டியிருக்கிறார்கள், மழை பிடித்தாயிற்று, ஆட்கள் போய்வருகிறார்கள் என்று சொன்னார். பாறையின் மேல் இரண்டு மரமும் சேரும் இடத்தில், ஊராரும் லயத்தாரும் ஒன்றாக நின்று ஆணி அடித்தார்களாம்.

சில வருடங்களில் கோப்பி போயிற்று. மஞ்சள் தூள் எந்தத் தோட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. துரை கடனில் மூழ்கிக் கப்பலேறினார். மீகஸ்தெனியாக் கடைகளில் பாதி மூடிவிட்டன. லயத்து ஆட்கள் சட்டிபானைகளைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக அந்தப் பாலத்தைக் கடந்து போனதைக் காசிம் நானா பார்த்திருக்கிறார். அங்கம்மாவும் போனாளாம். ஊருக்கா, தேயிலை போடும் மேல்மலைக்கா என்று அவருக்குத் தெரியவில்லை. ஆராச்சி மட்டும் இக்கரையில் குடையோடு நின்று கடைசி ஆள் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நான் இப்போது ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டேன். இங்கே பாலம் தேவைப்படும் தண்ணீர் குறைவு. வெளியூர் பார்க்காத உறவினர்கள், மலைநாட்டில் நீ கண்டவற்றில் எது பெரிது என்று கேட்பார்கள். பேராதனையில் ஆணியே இல்லாமல் முதிரை மரத்தால் கட்டிய பெரிய பாலத்தைச் சொல்வேன். அதில் நூறு முறை நடந்திருக்கிறேன். மீகஸ்தெனியாவின் இரண்டு மரங்களைப் பற்றிச் சொல்ல வாய் வரும், சொல்லாமல் விட்டுவிடுவேன். கண்டியிலிருந்து இருபத்தொன்றரை மைல்தான். ஒரு நாளில் போய்விடலாம் என்று ஒவ்வொரு வருடமும் நினைத்தேன். அந்தப் பாலத்தில் நான் ஒருநாளும் நடக்கவில்லை.