ஒரே அளவு தண்ணீர்

எட்டுக் கிண்ணங்களில் இருந்த அரிசியைச் சமையல்காரர் ஒவ்வொன்றாகக் கழுவி வைத்துக்கொண்டிருந்தார். நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் புதிய ரகங்களைச் சோறாக்கி நடுவர்கள் முன் வைப்பது அவர் வேலை. உப்பு கிடையாது, தொட்டுக்கொள்ளவும் எதுவும் கிடையாது. கிண்ணத்தில் எண் மட்டும் இருக்கும். இதற்கு முன் மருத்துவமனைச் சமையலறையில் இருந்தவர். "அங்க சாப்பாடு பிடிக்கலன்னா மருந்து மேல பழியப் போட்டுத் தப்பிச்சுக்கலாம். இங்க எல்லாரும் நல்லா இருந்துக்கிட்டே மூஞ்சியச் சுளிக்கிறாங்க" என்பார்.

அவர் மனைவி அதே பண்ணையில் நெற்பூக்களுக்குச் சேர்க்கை செய்பவள். உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, வேறொரு ரகத்தின் மகரந்தத்தை அதன்மேல் உதற வேண்டும். அப்படி விளையும் மணி, சட்டை பத்தாத பிள்ளை மாதிரி பாதி உடம்பு வெளியே தெரிய நிற்கும். கூட வேலை செய்பவர்கள் அவளைக் கத்திரி என்று கூப்பிட்டார்கள். வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்தது. அங்கே காரணம் வேறு.

அவள் கை பட்ட ரகம் ஒன்று அன்று நடுவர்களிடம் வரவிருந்தது. வயல் வெள்ளத்தில் மூழ்கினாலும் தம் பிடித்துப் பிழைக்கும் பயிர். முன்பெல்லாம் நாற்றைத் தண்ணீரில் முக்கிவைத்துத்தான் அந்தக் குணம் வந்ததா என்று பார்ப்பார்கள். இப்போது இலையில் ஒரு துணுக்கைக் கிள்ளிக் கொடுத்தால் ஆய்வகம் சொல்லிவிடும். ருசிக்கு மட்டும் இன்னும் நாக்கைத்தான் நம்பவேண்டியிருக்கிறது. நாக்கு ஒப்புக்கொண்டால் விதை விவசாயிகளிடம் போகும். இல்லையென்றால் குளிரறையில் ஒரு பொட்டலமாகக் கிடக்கும்.

காலையில் கிளம்பும்போதே கத்திரி ஆரம்பித்திருந்தாள்.

"ஏங்க, என்னோட அரிசி குட்டையா, நடு வயித்துல வெள்ளப் புள்ளியோட இருக்கும். அதுக்கு மட்டும் தண்ணி கொஞ்சம் கம்மியா வைங்க. சீக்கிரம் குழைஞ்சிடும்."

"எல்லாத்துக்கும் ஒரே அளவுதான்."

"வீட்டுல மட்டும் அரிசியப் பாத்துத்தானே வைக்கிறீங்க?"

"வீட்டுல யாரும் மார்க் போடறதில்லயே."

"போட ஆரம்பிச்சா நீங்க தாங்கமாட்டீங்க."

அந்த விதியை, பண்ணையின் தலைமை விஞ்ஞானியான டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கியதே அவர்தான். அவருக்கு முன்பு இருந்தவர் மனம்போனபடி தண்ணீர் ஊற்றியதால், ஒரே ரகம் ஒரு வாரம் பாஸாகி அடுத்த வாரம் ஃபெயிலானது. ஒரே அளவு என்று வந்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது.

நான்காவது கிண்ணத்தில் அந்தக் குட்டை அரிசி இருந்தது. அளவுக்குவளையைச் சாய்த்தவர், பாதியில் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு மீதியையும் ஊற்றிவிட்டார்.

நடுவர்களில் ஒருவர் அதை விரலில் எடுத்து நசுக்கினார். "இத வச்சு போஸ்டர் ஒட்டலாம்" என்றார். மற்றவர்கள் சிரித்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போனார்கள்.

அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கத்திரி வந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"குழைஞ்சுபோச்சுன்னாங்க."

மீதியிருந்ததில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். யாருடைய பிள்ளையையோ பற்றிச் சொல்வதுபோல, "மணம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். "நீங்க சாப்பிட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். தண்ணி ஜாஸ்தி."

"யார் ஊத்துனது?"

அவர் குழாயை மூடினார். மருத்துவமனையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பதம் பார்த்து வடித்த கை அது. இங்கே சண்டை வரக்கூடாது என்று அந்தக் கையைத் தானே கட்டிப்போட்டுக்கொண்டோமோ என்று முதல்முறையாகத் தோன்றியது.

"டாக்டரம்மாகிட்ட பேசறேன். எந்த அரிசி எவ்வளவு தண்ணி கேக்குதுன்னு முதல்ல பாத்துட்டு, அப்புறம் வைக்கலாம்னு சொல்றேன். எட்டுக்கும்தான்."

"என்னோடது தோத்தப்புறம் உங்களுக்கு இந்த யோசனை வந்துச்சுன்னு சொல்வாங்க."

"உண்மையும் அதுதானே."

"காலையிலயே வந்திருக்கலாம்."

வெளியே வெயில் ஏறிவிட்டது. பூ விரியும் நேரம், தப்பவிட்டால் நாளைக்குத்தான். நான்காவது கிண்ணத்தை அவளே கழுவி, மற்றவற்றோடு வரிசையில் கவிழ்த்துவைத்தாள்.

"பேசவா, வேணாமா? அதச் சொல்லு" என்றார் அவர்.

கத்திரி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மேஜைமேல் வைத்திருந்த இடுக்கியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.