மூன்றாவது ஓலை

என் தங்கை ஷைனியை வரதராஜன்பேட்டையில் 'மிலிட்டரி நர்சு' என்கிறார்கள். அது பாதிதான் சரி. அவள் ராணுவ ஆஸ்பத்திரியில் லெப்டினன்ட். தோளில் இரண்டு நட்சத்திரம். நான் பத்தாவதோடு நின்று முந்திரி உடைக்கப் போனவள். அவள் லீவில் வந்தால் சீருடையைத் தேய்த்துக் கொடுப்பது நான்தான்.

போன வருஷம் ஏலாக்குறிச்சி வாத்தியார் செபஸ்டினுக்கு அவளை நிச்சயம் செய்தோம். எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் பங்குச்சாமியிடம் சொல்ல வேண்டும் என்று அறிவிப்பார்கள். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. அதற்குள் எல்லையில் சண்டை வந்து ஷைனியின் லீவை ரத்து செய்துவிட்டார்கள். கல்யாணம் தள்ளிப்போனது. மூன்றாவது ஓலையும் நின்றது.

அவள் இருந்தது ஜம்மு பக்கம். ஒரு காலை குண்டு ஆஸ்பத்திரி வளாகத்திலேயே விழுந்தது. நோயாளிகளைக் கீழ்த்தளத்துக்கு இறக்கினார்கள். தலையில் அடிபட்ட ஒரு சிப்பாயை மட்டும் அசைக்க முடியவில்லை. கரண்ட் போய் அவனுடைய மூச்சு மெஷின் நின்றுவிட்டது. ஷைனி காற்றுப் பையைக் கையால் அமுக்கி அமுக்கி அவனுக்கு மூச்சுக் கொடுத்தாள். அடுத்த குண்டில் ஜன்னல் பெயர்ந்து விழுந்தது. அவள் இடது காதில் ரத்தம் வந்தது. பையை விடவில்லை. மாற்று நர்சு வந்து அவள் விரல்களைப் பையிலிருந்து பிரித்தெடுத்தாளாம். சிப்பாய் மறுநாள் செத்துப்போனான்.

முருங்கைக்கீரை உருவும்போது ஒரே ஒரு தடவை இதை என்னிடம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "கீரை போதுமாக்கா?" என்றாள்.

ஜூலையில் சிகிச்சை லீவில் வந்தாள். இடது காது கேட்காது; வலப்பக்கம் நின்றுதான் பேச வேண்டும். பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் வெடி போட்டபோது சமையல்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். கை மட்டும் வெறும் காற்றை அமுக்கிக்கொண்டிருந்தது.

செபஸ்டினும் அவர் அம்மாவும் பார்க்க வந்தார்கள்.

"வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடு, ஷைனி. வர்ற ஞாயித்துக்கெழமையே மூணாவது ஓலையப் படிக்கச் சொல்லிடுவோம்" என்றார் அவர்.

"மெடிக்கல் போர்டு பாக்கணும். அவங்க வேணாம்னாதான் வருவேன். நானா எழுதிக் குடுக்க மாட்டேங்க."

அவர் அம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "சாவப்போறவனுக்காவ காதைக் குடுத்துட்டு வந்து நிக்கிறா. இன்னும் என்னத்தக் குடுக்கப் போறாளாம்?"

"என் கையில இருந்தவரைக்கும் அவன் உயிரோடதான் இருந்தான், அத்தை" என்றாள் ஷைனி.

வைத்த காப்பியை யாரும் தொடவில்லை.

அவர்கள் போனதும் எங்கள் அம்மா அழுதார். ரெண்டு ஓலை வாசித்து நின்ற பெண்ணை இனி யார் கேட்பார்கள் என்பதுதான் அவர் பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஷைனி சேலை மாற்றிக்கொண்டு, "வாக்கா" என்று என்னைப் பங்குச்சாமியாரிடம் கூட்டிப்போனாள்.

"தடை இருந்தா சொல்லணும்னீங்களே, சாமி. எனக்கு ஒண்ணு தெரியும்."

"என்னம்மா?"

"நான்தான். வேலைய விட மாட்டேன்."

சாமியார் சிரித்துவிட்டார். "அதெல்லாம் தடைல சேராதும்மா."

"பொண்ணுக்குச் சம்மதம் இல்லன்னா?"

சிரிப்பு நின்றது. "அது சேரும்" என்றார்.

அந்த ஞாயிறு வேறு ஒரு ஜோடியின் ஓலையை மட்டும் வாசித்தார்கள். பெண்கள் பக்கம் எல்லாத் தலையும் எங்களை நோக்கித் திரும்பியது. ஷைனி என் இடப்பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருந்தவள், "பட்டாளத்துக்குப் போனா இப்படித்தான்" என்றாள். அது ஷைனிக்குக் கேட்டிருக்கும். நல்ல காது பக்கம்தான் சொன்னாள்.

ஆகஸ்டில் போர்டு அவளைச் சோதித்தது. எல்லைப் பக்கம் இனி அனுப்ப மாட்டார்கள், வேறு ராணுவ ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கலாம் என்று எழுதினார்கள். செபஸ்டினுக்கு ஜெயங்கொண்டத்தில் வேறு பெண் பார்த்து மூன்று ஓலையும் வாசித்து முடித்துவிட்டார்கள்.

அரியலூர் ஸ்டேஷனில் அவளை ரயிலேற்றப் போனோம். வண்டி நகரும்போது அம்மா ஜன்னலோடு கூடவே நடந்து, "இருந்துடுடி, போவாத" என்றார். அம்மா நடந்தது அவளுடைய இடப்பக்கம். ஷைனி முன்னால் நின்ற என்னையே பார்த்தபடி கை காட்டிக்கொண்டே போனாள்.