வட்டவளை மலையைச் சுற்றிக் காட்டிய கதை

இந்த நாட்டில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் அவர் முதலில் கேட்பது, "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்பதுதான். இலங்கையில், எங்கள் தேயிலை மலை ஊரான ஹட்டனில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அங்கே "எந்தத் தோட்டம்?" என்பார்கள். அதைச் சொன்னால் போதும், அம்மா செய்த வேலை, நான் செய்யப்போகும் வேலை எல்லாம் கேட்டவருக்குத் தெரிந்துவிடும். டொரொன்டோவுக்கு வந்து நான்கு வருடமாகியும் இந்தக் கேள்விக்கு நான் தடுமாறாமல் பதில் சொன்னதில்லை. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன் என்பதோடு நிறுத்துவதா, முன்பு செய்தவற்றையும் சொல்வதா?

அந்தத் தடுமாற்றத்தையே ஒரு பயிற்சி வகுப்பில் வீட்டுப்பாடமாகத் தந்தார்கள். பாத்திரம் கழுவுவதை விட்டு முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு மாறலாம் என்று அதில் சேர்ந்திருந்தேன். ஆசிரியை மேகனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், எப்போதும் சிரித்த முகம். நாங்கள் இதுவரை செய்த வேலைகளையெல்லாம் கணினியில் ஒரு சுற்றுலாவாக அமைக்க வேண்டும் என்றாள். ஒவ்வோர் இடத்துக்கும் நாலாபக்கமும் தெரியும் ஒரு வட்டப் படம். பார்ப்பவர் விரலால் அதைத் திருப்பி, அந்த இடத்தின் நடுவில் நிற்பதுபோலப் பார்க்கலாம். ஒரு புள்ளியைத் தொட்டால் எங்கள் குரல் விளக்கம் சொல்லும், இன்னொன்றைத் தொட்டால் அடுத்த இடம் வரும். கடைசி நாளில் வேலை தருகிறவர்கள் வந்து பார்ப்பார்கள்.

எனக்கு ஐந்து இடங்கள். வட்டவளையில் கொழுந்து பறித்த மலை, ஹட்டன் பஜாரில் துணிக்கடை, கட்டுநாயக்காவில் தையல் ஆலை, குவைத்தில் ஒரு வீட்டுச் சமையலறை, இப்போது இந்த இல்லம். கடைசி நான்கையும் கைபேசியில் கிடந்த படங்களை ஒட்டி ஒப்பேற்றினேன். மலைக்கு மட்டும் ஒன்றுமில்லை. பதினெட்டு வயதில் அம்மாவுக்குப் பக்கத்து நிரையில் இரண்டு வருடம் பறித்தேன். அப்போது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எவரிடமும் கேமரா கிடையாது. இணையத்திலிருந்து எடுத்துக்கொள் என்றாள் மேகன். அங்கிருந்த பெண்கள் பளிச்சென்ற சேலையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் காலிலும் அட்டை கடித்த தழும்பு இல்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி சாந்தியை அழைத்து, கைபேசியில் ஒரு வட்டப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவள் இன்றும் அதே மலையில்தான் பறிக்கிறாள்.

"வேல நேரத்துல போன எடுத்தா கங்காணி ஏசுவாருக்கா. சாப்பாட்டு நேரத்துல எடுக்குறேன்."

"பெரிய மரத்தடியில நின்னு எடு. அங்கருந்துதான் ரயில் பாதையும் தெரியும்."

மரத்தடி என்று சொன்னது நான்தான்.

செவ்வாய்க்கிழமை காலை எழுந்தபோது படம் வந்திருந்தது. அதன் கீழே எடுக்கப்படாத அழைப்புகள் பதினொன்று, எல்லாம் சாந்தியின் புருஷன் முருகேசுவிடமிருந்து. திருப்பி அழைத்தபோது அங்கே பின்னேரமாகிவிட்டிருந்தது.

"குளவி கொட்டிருச்சுக்கா. டிக்கோயா ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க. மூஞ்செல்லாம் வீங்கி கண்ணே தொறக்க முடியல."

"பேசுறாளா?"

"இல்லக்கா. மூச்சு இழுக்குது. மரத்தடியில நின்னு ஒரு படத்த ஒங்களுக்கு அனுப்பிட்டு, இன்னொன்னு எடுக்க போன சுத்திச் சுத்திப் புடிச்சிக்கிட்டு இருந்தாளாம்."

அறையில் உட்கார முடியவில்லை, வகுப்புக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்து மேகன் விசாரித்தாள். தங்கச்சியைக் குளவி கொட்டிவிட்டது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "ஐயோ பாவம், ஐஸ் வைத்தால் வீக்கம் இறங்கிவிடும்" என்றாள். எங்கள் மலைகளில் குளவி கொட்டி ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்பதை விளக்க எனக்கு வார்த்தை வரவில்லை. "வீட்டுக்குப் போக வேண்டுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்துக் கையில் வைத்தாள். என் விசாக் காகிதங்கள் இன்னும் முடியவில்லை. இப்போது நாட்டை விட்டு வெளியேறினால் திரும்ப வர முடியாது. அந்த டிக்கெட்டோடு கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன்.

படத்தைத் திறந்து மெதுவாகத் திருப்பினேன். தேயிலைச் செடிகள், நிரையோரம் சோற்றுப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள், கீழே ரயில் பாதை. நன்றாகத்தான் எடுத்திருந்தாள். பிறகு விரலை இழுத்து மேலே பார்த்தேன். கிளைகளுக்கு நடுவே, அவள் தலைக்கு நேர் மேலே, கரும்பழுப்பு நிறத்தில் குளவிக்கூடு தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய பூசணிக்காய் அளவு. அவள் கைபேசியையே பார்த்துக்கொண்டு சுற்றியிருப்பாள். அவ்வளவு தொலைவிலிருந்து எனக்குத் தெரிந்தது, அடியில் நின்றவளுக்குத் தெரியவில்லை. நிற்காதே, ஓடு என்று யாரிடம் சொல்வேன்? அது பல மணி நேரத்துக்கு முந்திய மத்தியானம்.

அழிக்கப் போனேன், முடியவில்லை. அவள் எடுத்ததில் மிஞ்சியது அதுதான்.

மறுநாள் வகுப்பின் கடைசி நாள். பார்க்க வந்தவர்களில் ஒரு முதியோர் இல்லத்தின் மேலாளரம்மா என் மலையில்தான் நெடுநேரம் நின்றார். படத்தை மேலே திருப்பி, "எவ்வளவு அழகான மரம்!" என்றார். நன்றி என்றேன். பராமரிப்புப் பயிற்சிக்கு என்னை எடுத்துக்கொண்டார். அன்றிரவு முழுவதும் சாந்திக்கு நினைவு திரும்பவில்லை என்று முருகேசு சொன்னான்.

மூன்றாம் நாள் கண் திறந்தாள். பத்து நாளில் லயத்துக்குத் திரும்பினாள். "போட்டோவால இல்லக்கா, கழுகு வந்து குளவிக்கூட்டத் தட்டிருக்கும். நீங்க மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். படத்தில் கூடு இருப்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

போன வாரம் அந்தச் சுற்றுலாவைத் தனக்கும் அனுப்பச் சொன்னாள். அனுப்பிவிட்டு, அவள் மேலே பார்த்துவிடுவாளோ என்று அழைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்தேன். "இதத்தான் தெனமும் பாக்குறேனே" என்று மலையை ஒரு நொடியில் தாண்டினாள். துணிக்கடை, ஆலை, குவைத் எல்லாம் தாண்டி என் சமையலறைக்கு வந்து நின்றாள்.

"எங்கக்கா நிப்பீங்க?"

"தொட்டிக்கிட்ட."

"இந்த ரூம்ல ஜன்னல் இல்லையா? வெளிய என்ன இருக்குன்னு பாக்கணும்."

"இல்லம்மா."

அவள் படத்தைத் திருப்பித் திருப்பி ஜன்னல் தேடிக்கொண்டிருந்தாள். என் கைபேசியில் நான் வட்டவளையில் நின்று, கீழே ரயில் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.