கடதாசிப் பன்றி நிற்கும்

பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில், என் பக்கத்து அறையில் வன்னி வேட்டைக்காரர் ஒருவர் இருந்தார். துவக்கு வாங்க அனுமதி கிடைத்ததும், என் ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்து, சுட்டுப் பழகும் இடத்துக்கு இழுத்துப்போனார். வாய்ப்பக்கத்தால் மருந்து இடிக்கும் இடியன் துவக்குகள் இரண்டு, வேறு வேறு கொம்பனிகள் செய்தவை; ஒன்று பாரம், மற்றது இலேசு. அவர் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். ஒவ்வொரு வெடிக்கும் தொப்பென்று படுத்து, பட்டது விழுந்ததா ஓடிவிட்டதா என்று காட்டில் பார்ப்பதுபோலப் புகைக்குக் கீழால் பார்த்தார். இத்தாலியர்கள் பதறினார்கள். எனக்கு மானம் போனது.

பாரமான துவக்கின் குண்டுகள், குறியாக வைத்திருந்த கடதாசிப் பன்றியில் ஒரே இடத்தில் பட்டிருந்தன. இலேசானதன் குண்டுகள் கொஞ்சம் விலகியிருந்தன.

“பாரமானதை எடுங்கோ அண்ணை, போவம்!” என்று கத்தினேன்.

“கடதாசிப் பன்றி நிக்கும் தம்பி. காட்டுப் பன்றி நிக்குமோ? இதைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுவர் வரைக்கும் ஓடும் பாப்பம்!”

கோபத்தில் ஓடினேன். பாதியிலேயே மூச்சுவாங்கிக் குந்திவிட்டேன்.

அவர் நிலத்தில் படுத்து என்னைப் பார்த்தார். “பன்றி ஓடிப்போட்டுது!”

இலேசானதையே வாங்கினார். எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது; பலெர்மோவுக்கு வந்தபின் நான் அப்படிச் சிரித்ததில்லை.