தலைச்சோலை லைன் பார்த்த அருள்தாஸ் அண்ணன்

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். அண்ணனோடு என்னைவிட நெடுநாள் வேலை செய்தவர்கள் இருக்க, இந்த அஞ்சலி மலரில் நான் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை புகார் போன் அடித்தது. வழக்கம்போல், "எந்த ஊர் லைனுங்க?" என்று கேட்டேன். பேசியது அருள்தாஸ் அண்ணனின் மனைவி.

"அவரு போயிட்டாரு கண்ணு," என்றார். நெஞ்சுவலி. சேலம் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

ஏற்காடு பஜாரில் உள்ள எங்கள் இன்டர்நெட் ஆபீசில், மலைக் கிராமங்களின் ஃபைபர் லைன்களை அவர்தான் பார்த்துவந்தார். இப்போது தலைச்சோலை லைன் பழுதாகிக் கிடக்கிறது. போய்ப் பார்க்க ஆள் இல்லாததால் அதை நிறுத்திவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போனில் பேசவே பயப்படுவேன். "உன்னைத் திட்டல சாமி, ஒயரத்தான் திட்டுறாங்க. நீ பாட்டுக்குப் பேசு," என்பார் அண்ணன்.

அண்ணனோடு ஏணி பிடிக்கப் போகிறவர் லீவு போட்டால் நான் துணைக்குப் போவேன். ஒரு டிசம்பரில் வெள்ளக்கடையில் ஒரு வீட்டில் லைன் நின்றுபோனது. போய்ப் பார்த்தால், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை எங்கள் கேபிளிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். பாரத்தில் கேபிள் ஆணியில் மடங்கிக் கிடந்தது.

"ஏனுங்க, ஒயரு அறுபடவே இல்லீங்களே?" என்றார் வீட்டுக்கார அம்மா.

"இதுக்குள்ள ஓடறது கரண்டு இல்லீங்க, வெளிச்சம். கண்ணாடி இழைக்குள்ள சாய்வா மோதி மோதி, உள்ளயே திரும்பித் திரும்பிப் போகும். நொம்ப மடக்கிட்டா திரும்பாம வெளிய சிந்திரும்."

அண்ணன் சிவப்பு லேசரை ஒரு முனையில் செருகினார். ஆணியருகே மெல்லிய உறைக்குள்ளிருந்து சிவப்பு கசிந்தது.

"நட்சத்திரத்துக்கு இந்த லைட்டே போதும்போல இருக்குதுங்க," என்று அந்த அம்மா சிரித்தார்.

"அப்புறம் சீரியல் எதுலங்க பாப்பீங்க?"

நட்சத்திரத்துக்கு வேறு கயிறு கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அண்ணன் கிளம்பினார்.

போன மழைக்காலத்துக்கு முன், தலைச்சோலையில் காப்பிச் செடிக்கு வெயில் விழ சில்வர் ஓக் கிளைகளைக் கழித்தபோது எங்கள் கேபிளும் அறுந்தது. பனிமூட்டத்தில் அண்ணன் இழை ஒட்டும் மெஷினுக்குக் குடை பிடித்தார். "எனக்குக் குளிர்ல கை நடுங்குது. நீயே வை கண்ணு."

உறையை உரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, முனைகளை நேராக வெட்டி மெஷினில் வைத்தேன். திரையில் இரண்டு இழைகளும் நெருங்கி ஒன்றாயின. "நல்லா ஒட்டிருச்சு. கேட்டா நான்தான் ஒட்டுனேன்னு சொல்லிக்கிறேன்," என்று கேலி செய்தார். அதன்பின் பல ஜாயிண்டுகளை நான்தான் போட்டேன்.

அடக்கத்தன்று, வர முடியாத அவர் தம்பிக்கு வீட்டு இன்டர்நெட்டில் வீடியோ கால் போட்டு அண்ணனின் முகத்தைக் காட்டினார்கள். ஜெபம் முடியும்வரை படம் நிற்கவேயில்லை. அந்த லைனும் அவர் இழுத்ததுதான். போய் வாருங்கள் அண்ணா.

முதலாளி ஐயா, நேரில் கேட்க வாய் வராததால் இங்கே கேட்கிறேன். தலைச்சோலை லைனை நிறுத்த வேண்டாம். மெஷினைக் கொடுத்து என்னை அனுப்புங்கள். ஏணி பிடிக்க ஒருவர் வந்தால் போதும்.