நாலரை மணிக்கு ஒரு மூடி

“நாளெல்லாம் எலியோட உக்காந்திருந்தா புள்ள எப்படிப் பேசும்?” என்று மாமியார் கேட்டபோது என் மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம், பிறவியிலேயே வருவது, உங்க தப்பு இல்லம்மா என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். வீட்டில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் வாங்கவில்லை.

எலிகளோடுதான் என் வேலை. பூதலூரில் ரயிலேறித் தஞ்சாவூர் போய் ஒரு ஆய்வகத்தில் எலிக்குட்டிகளைப் பார்த்துக் குறிப்பெழுதுவேன். தாயெலிக்குச் சினையிலேயே மருந்து கொடுத்து, குட்டிகளுக்கு ஆட்டிசம் போன்ற நடத்தையை வரவைத்திருந்தோம். பாதிக் குட்டிகள் தனித்தனிக் கூண்டில், மீதி கூட்டமாக ஒரு பெரிய கூண்டில். பிறகு கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வேறொரு எலியை வைத்து, ஒவ்வொரு குட்டியும் கதவருகே எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பேன். கூட்டத்தில் வளர்ந்தவை போய் நின்றன. தனியாக வளர்ந்தவை மூலையில் உட்கார்ந்து மூஞ்சியைத் துடைத்துக்கொண்டே இருந்தன. நல்ல ரிசல்ட் என்றார் என் ஆராய்ச்சிக் கைடு. நான் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மகனும் தனிக் கூண்டில்தானே வளர்ந்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீட்டோடு எங்களுக்குக் குத்தகை நிலத் தகராறு. அவர்கள் ஒரு கட்சி, நாங்கள் ஒரு கட்சி. ஆட்சி மாறும்போதெல்லாம் ஒரு வீட்டுக்குத் தைரியம் வரும், மனு போடுவார்கள். பக்கத்தில் குழந்தை இருக்கிற வீடு அது ஒன்றுதான். ஒரு குழந்தைகூட எங்கள் வாசலை மிதித்ததில்லை. வீம்புக்கு மட்டும் இந்த ஆம்பளைகளிடம் குறைச்சலே கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் வாய்க்காலைத் தாண்டினேன். அந்த வீட்டம்மா காயப்போட்ட நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

“உங்க பொண்ண எங்க புள்ளகூட விளையாட அனுப்புவீங்களா?”

அவர் துழாவுவதை நிறுத்தவில்லை. “நாலரைக்கு அனுப்புறேன். ஆம்பளைங்களுக்குத் தெரிய வேணாங்க.”

அவர் மகள் தினமும் வந்தாள். நான் கைடிடம் பொய் சொல்லி முந்தின ரயிலைப் பிடித்தேன். மாமியார் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். இவன் எவர்சில்வர் மூடியைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருப்பான், அவளைத் திரும்பியும் பார்க்க மாட்டான். அவளும் வீட்டிலிருந்து ஒரு மூடி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து சுற்றுவாள். சின்னப் பிள்ளை, என்னைவிடக் கெட்டிக்காரி.

அப்புறம் ஒருநாள் தகராறு நிலத்தை அளக்க சர்வேயர் வந்து சங்கிலி போட்டார். என் வீட்டுக்காரரும் அவள் அப்பாவும் வரப்பில் கைகலந்தார்கள்.

மறுநாள் நாலரை மணிக்கு என் மகன் தானாக எழுந்து போய், கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதுவரை அப்படிப் போய் நின்றதே இல்லை. இன்னொரு கையில் மூடி இருந்தது. அவன் அதைச் சுற்றவில்லை, வாய்க்கால் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வரவில்லை. பொழுது சாயும்வரை நின்றான், நானும் கூட நின்றேன். யாருக்காவது ஒருநாள் இவன் இப்படிக் காத்து நிற்க மாட்டானா என்றுதான் ஆறு வருஷமாக ஏங்கியிருந்தேன்.