முகத்துவாரம் வரை ஓடிய எஞ்சின்

என் கல்யாணப் பேச்சில் நகையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. காரும் கேட்கவில்லை. இவ்வளவு தங்கமான சம்பந்தம் யாருக்கு அமையும் என்று என் அம்மா ஈரோடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பேரம் ஏற்கெனவே வேறிடத்தில் முடிந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. அது மாப்பிள்ளைக்கும் அவருடைய அப்பாவுக்கும் நடந்த பேரம். மகன் கல்யாணம் செய்துகொண்டால், மகனுடைய படகுக்கு அப்பா புது டீசல் எஞ்சின் வைத்துக் கொடுப்பார்.

இதை எனக்குச் சொன்னவர் என் கணவரின் அத்தை. மறுவீட்டு விருந்தில் என் இலையில் பாயசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"ஊரு ஒலகத்துல பொண்ணுதான் கண்ணு கழுத்த நீட்டும். இங்க உன்ர ஊட்டுக்காரனே கழுத்த நீட்டியிருக்கறான், எஞ்சினுக்கு!"

பந்தியே சிரித்தது. அத்தைக்காரி ஏதோ கேலி பேசுகிறாள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று ராத்திரி என் கணவரிடமே கேட்டேன். "ஆமாங்க" என்று ஒரே வார்த்தையில் ஒப்புக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். கொஞ்சம் தெரிந்திருக்கலாம்.

கணபதி என்கிற ஊரில் மாமனாருக்குப் பெரிய பட்டறை இருந்தது. தோட்டத்துக் கிணறுகளுக்குப் பம்பும், பம்பை ஓட்டும் டீசல் எஞ்சினும் அங்கே தயாராகும். மாமியார் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன். அந்த மகனுக்குப் பட்டறை வாசலை மிதித்தாலே முகம் சுருங்கும். கொச்சியில் ஒரு வெளிநாட்டுக் கிழவர் விட்டுவிட்டுப் போன பழைய பாய்மரப் படகை வாங்கிப்போட்டுக்கொண்டு, வருடத்தில் பாதி நாள் அதிலேயே கிடந்தார். "வறண்ட நொய்யல் ஆத்துல உடறதுக்காங்க?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

படகில் இருந்த எஞ்சின் அவரைவிட வயதில் மூத்தது. டீசலுக்குச் சமமாக ஆயிலையும் குடித்து, வெள்ளைப் புகை கக்கி, கடைசியில் இறுகி நின்றுவிட்டது. பாய் இருக்கிறதே, எஞ்சின் எதற்கு என்று நானும் கேட்டேன். படகு நிற்கும் இடத்திலிருந்து கடலுக்குப் போகிற வழி குறுகலாம். பெரிய கப்பல்கள் குறுக்கே வருமாம், நீரோட்டமும் இழுக்குமாம். காற்றை நம்பி அதற்குள் போக முடியாதாம். ஒரு நோயாளியின் உடம்பைப் பற்றிப் பேசுகிற மாதிரி பொறுமையாக விளக்கினார்.

நல்ல மனிதர். என்னைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். என் சிநேகிதிகள் பொறாமைப்பட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் காட்டுகிற மரியாதை அது என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஆனால் அதற்குள் எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. எஞ்சின் வந்ததும் இவர் போய்விடுவாரா, என்னோடு இருப்பாரா? சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் எனக்கு அதே நினைப்புதான்.

இது மாமனாருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரு நாள் இட்லி வைத்துக்கொண்டிருந்தபோது அவரே பேச்சை எடுத்தார்.

"கவலப்படாத அம்மணி. நானு அனுப்பறது கெணத்து எஞ்சினு. நல்ல தண்ணி உள்ள ஓடுனாத்தான் அதுக்கு உசுரு. உப்புத்தண்ணி ஓடுச்சுன்னா ஒரு மழக்காலந் தாங்காது, அரிச்சுப்போடும். அப்பறம் எங்க போவான்? ஊட்டுக்குத்தான் வருவான்."

"கடலுக்குள்ள நின்னுபோச்சுன்னா என்னங்க மாமா பண்றது?"

"நின்னாத்தான் புத்தி வரும். இன்னொரு இட்லி வையி."

வைத்தேன். பெற்ற மகனைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவரோ எனக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியில் சட்னியை வழித்துக்கொண்டிருந்தார்.

எஞ்சினுக்கு நீலப் பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்துத்தான் லாரியை அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். கொச்சியில் படகுப் பட்டறையில் மேலே உத்தரத்தில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, பழைய எஞ்சினைப் படகின் வயிற்றிலிருந்து தூக்கினார்கள். துருவேறிய போல்ட்டுகள் கழலவில்லை. அறுத்துத்தான் எடுத்தார்கள். என் கணவர் அந்தப் பழைய இரும்பைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். அதே லாரியில் அது கணபதிக்குத் திரும்பி, மாமனாரின் உலையில் உருகிப் பம்பு மூடியானது. அதைப் போனில் அவருக்குச் சொன்னதும் மாமனார்தான். சிரித்துக்கொண்டே சொன்னார்.

புது எஞ்சின் உயரமாக இருந்தது. உள்ளே இறங்கும் ஏணியை வெட்டிக் குறைக்க வேண்டியிருந்தது. பிறகு எஞ்சினின் வாயையும், படகைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் தண்டின் வாயையும் நேர்க்கோட்டில் சேர்க்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் படகு முழுக்க அதிருமாம். அவர் குப்புறப் படுத்துக்கொண்டு மெல்லிய தகட்டை இடுக்கில் விட்டு விட்டுப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடித்தேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரே வேலை அது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, இந்த எஞ்சினு வேண்டாமுங்க. உப்புத்தண்ணிக்கு ஆகாதாமா. மாமா தெரிஞ்சேதான் அனுப்பியிருக்கறாரு."

அவர் தலையைத் தூக்கவில்லை.

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா மாட்டறீங்க?"

"ரொம்ப நாளு ஓட வேண்டியதில்லீங்க. முகத்துவாரம் தாண்டற வரைக்கும் ஓடுனாப் போதும். அக்கட்டால பாய் பாத்துக்கும்."

"நானுங்க?"

"ஒரு ஆளுக்குத்தானுங்க எடம் இருக்குது."

உள்ளே இரண்டு படுக்கைகள் இருந்தன. காலையில் இரண்டையும் நான்தான் தட்டித் துடைத்திருந்தேன். ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யாரோ நான் யாரோ என்பார்கள். அண்ணன் தம்பிக்குத்தான் அது என்று நினைத்திருந்தேன். எஞ்சினைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் என்னைப் பற்றிச் சொன்னதாகவே என் காதில் விழுந்தது. ஓங்கி ஒன்று விடலாமா என்றிருந்தது. அதற்குள் அவர் தகட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"டார்ச்சக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க."

காட்டினேன். வேறு என்ன செய்வது?

ஓட்டிப் பார்க்கிற அன்று மாமனார் காரில் வந்து இறங்கினார், எலுமிச்சம்பழத்தோடு. நாங்கள் இருவரும் கடற்கரையில் நின்றோம். மஞ்சள் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிற அதே சத்தத்தோடு படகு எங்களைத் தாண்டிப் போனது. படகிலிருந்து என் கணவர் கை அசைத்தார். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு அசைப்பு. படகு முகத்துவாரத்தைத் தாண்டியது. கொஞ்ச தூரத்தில் தடதட சத்தம் சட்டென்று அடங்கிவிட்டது.

மாமனார் தொடையில் தட்டினார்.

"பாத்தியா அம்மணி! நின்னுபோச்சு! நாஞ் சொன்னனா இல்லையா? ஒரு நாளுகூடத் தாங்கல. கயித்தக் கட்டி இழுத்துக்கிட்டு வர ஆளச் சொல்லோணும்."

அங்கே வெள்ளைப் பாய் மெதுவாக ஏறி விரிந்தது.

"நிக்கலீங்க மாமா," என்றேன். "அவரே நிறுத்திப்போட்டாருங்க."

அவர் பாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எலுமிச்சம்பழம் கையிலேயே இருந்தது. அந்த முகம் விழுவதை நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சி திரும்பும் வழியில் வாளையாறு வரைக்கும்கூட வரவில்லை. காரின் பின்சீட்டில் அவர் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். மதுக்கரை தாண்டியதும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ராத்திரிக்கு ஊட்டுல என்ன அம்மணி ஆக்கற?"